மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

நேர்முகத் தேர்வுக்கு வரும்போது ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். தலைப்பும் அவர்கள் கொடுத்ததுதான்: வலைப்பதிவு எழுதியதால் சொந்த வாழ்க்கையிலும் வேலையிலும் நீங்கள் அடைந்த பயன்கள்.

புதுச்சேரி எல்லையை ஒட்டிய தொழிற்பேட்டையில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகள் செய்யும் நிறுவனம் அது. பெட்டியோடு கொடுக்கும் தமிழ்க் கையேட்டை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் விண்ணப்பிக்கவில்லை. என் வலைப்பதிவைப் படித்துவிட்டு அவர்களாகவே மின்னஞ்சல் அனுப்பினார்கள். மின்னியலில் பொறியியல் பட்டம் வாங்கி, இரண்டு வருடம் விழுப்புரத்தில் வீட்டில் இருந்து, பிறகு திண்டிவனத்தில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். என்னைத் தேடி ஒரு வேலை வந்தது அதுதான் முதல் முறை.

பட்டியல் போடுவது எனக்குப் பழக்கம். காய்கறி வாங்கப் போனாலும் கடை இருக்கும் வரிசையில்தான் எழுதிக்கொண்டு போவேன். அதனால் அந்தப் பக்கம் சீக்கிரமே நிறைந்தது.

ஒன்று, மறதிக்கு மருந்து. கடைக்கு வந்த பழுதை அன்றன்றே எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து வேறு ஊர் மோட்டாரில் அதே பழுது வரும்போது முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. இரண்டு, கல்லூரியில் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவை தமிழில் எழுதும்போதுதான் புரிந்தன. புரியாத இடத்தில் வாக்கியம் நகராது. மூன்று, வீட்டில் சும்மா இருந்த காலத்தில் "இன்னாம்மா பண்ணிக்கினு கீறே" என்று கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. நான்கு, கடைக்குக் கிளியனூர், பிரம்மதேசம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

ஐந்தாவதை எப்படி எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வலைப்பதிவில் என் பெயரோ படமோ இல்லை. படிப்பவர்கள் எல்லோரும் என்னை 'சார்' என்றுதான் அழைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்தக் கிணறு இருந்ததில்லை. அப்பா வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் மோட்டார் போட்டு நிறுத்திவிட்டு வந்தவர்கள். நேரில் பார்த்தால் என்னிடம் விளக்கம் கேட்கத் தயங்கக்கூடியவர்கள், 'சார், ஒரு சந்தேகம்' என்று எழுதினார்கள். அதை அப்படியே எழுத முடியாது. 'எழுதியவர் யார் என்று பார்க்காமல் எழுதியதை மட்டும் பார்க்கிறார்கள்' என்று எழுதினேன்.

பக்கத்தோடு ஐந்து பதிவுகளின் சுட்டிகளையும் கேட்டிருந்தார்கள். தேர்வு புதன்கிழமை. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில், கடையில் உட்கார்ந்து அந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்க வலைப்பதிவின் உட்பக்கத்தைத் திறந்தேன். முதலாவது எது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிகம் பேர் படித்தது, அவர்கள் மின்னஞ்சலில் பாராட்டியிருந்தது, எல்லாம் ஒரே பதிவுதான்: 'டூ பேஸில் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கிறதா? கண்டென்சர் மாற்ற எட்டு படிகள்.'

எங்கள் பக்கம் வயல்களுக்கு மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான். மீதி நேரம் இரண்டு முனைதான் வரும். மோட்டாருக்கு மூன்றும் வேண்டும். இரண்டை வைத்து மூன்றாவதை ஒப்பேற்ற, ஸ்டார்ட்டர் பெட்டியோடு கண்டென்சர்களைச் சேர்த்து ஓட்டுவார்கள். செய்யக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். செய்யாத மோட்டார் கொட்டகையை நான் பார்த்ததில்லை.

அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு கருத்து என் அனுமதிக்காகக் காத்திருந்தது. வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்ததால் நான் உள்ளே போகவே இல்லை. 'சார் வணக்கம். நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணு ரெண்டு மூணு செஞ்சேன். நாலாவது செய்யும்போது தூக்கி அடிச்சிடுச்சி. கை கட்டு போட்டிருக்கேன். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல எதாவது விட்டு போச்சா சார்?' கீழே ஒரு கைப்பேசி எண்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கண்டென்சர் மின்சாரத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். மெயினை அணைத்தாலும், ஃபியூஸைப் பிடுங்கினாலும் அது உள்ளே இருக்கும். டெஸ்டரில் காட்டாமலும் போகும். அதை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். இது இரண்டாம் ஆண்டுப் பாடம். நான் அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

என் பட்டியலில் முதல் படி மெயினை அணைப்பது. இரண்டாவது ஃபியூஸைப் பிடுங்குவது. மூன்றாவது டெஸ்டர் வைத்துப் பார்ப்பது. நான்காவது கண்டென்சரின் வயர்களைக் கழற்றுவது. அவ்வளவுதான்.

அந்தப் பதிவை நான் கடை முதலாளியின் பக்கத்தில் நின்று, அவர் செய்யச் செய்ய எழுதினேன். படங்களும் எடுத்தேன். கைப்பேசியில் பழைய படங்களைத் தேடினேன். மூன்றாவது படத்தின் இடது ஓரத்தில், அவருடைய இடது கையில் இரண்டு பல்புகள் கோத்த வயர் இருந்தது. அதன் முனைகளைக் கண்டென்சர் மேல் வைத்திருந்தார். மின்சாரம் அந்த பல்புகள் வழியாகத்தான் இறங்கும். பதிவில் போட்ட படத்தில் அந்த ஓரம் இல்லை. பார்க்க நெரிசலாக இருக்கிறது என்று நான் வெட்டியிருந்தேன்.

முதலாளி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, கண்டென்சர கழட்றதுக்கு முன்னாடி பல்பு வெப்பீங்களா?"

"பின்ன? வெக்காம?"

"எங்கிட்ட எட்டு படி சொன்னப்ப அத சொல்லவே இல்லியே."

"அதெல்லாம் ஒரு படியாம்மா? சோறு துண்ணும்போது வாயத் தொறன்னு யாராவது சொல்லிக்கினு இருப்பாங்களா?"

கருத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். குரல் இறங்கியது.

"ஆளு இருக்கானா?"

"அவருதான் எழுதியிருக்காருண்ணே."

"அப்ப ஜல்தியா தூக்கிடு. இதையும் தூக்கு, பதிவையும் தூக்கு. புதங்கெழம இண்டர்வியூவ வெச்சிக்கினு உனக்கு ஏன் இந்த பேஜாரு? ஆமா, கடை பேரு எங்கனா போட்டிருக்கியா?"

"இல்லண்ணே."

"அந்த மட்டும் பொழச்சோம்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய கை தானாகச் செய்வது அவருக்கே தெரியாது. பாடம் படித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவள் நான்தான். அந்தக் கருத்து வேறு யார் கண்ணுக்கும் படாது. ஒரு பொத்தானைத் தொட்டால் போய்விடும். கொஞ்ச நேரம் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த எண்ணுக்கு அழைத்தேன்.

ப்ளாக் விஷயமாகப் பேசுகிறேன் என்றதும், "சார் இருக்காருங்களா?" என்று கேட்டார்.

"நாந்தாங்க எழுதறது."

"அப்பிடிங்களா. சரிங்க மேடம்," என்றார்.

மறுநாள் ஞாயிறு காலை அவருடைய ஊரான கிளியனூருக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்தான். சிமெண்டு ஷீட் போட்ட வீடு. உள்ளே மாதா படம். அவருக்கு நாற்பது வயது இருக்கும். வேறொருவர் நிலத்தில் வேலை செய்கிறார்; மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கும் நெல்லுக்கும் மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டுவது அவர் பொறுப்பு. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி கறுத்திருந்தது. தரையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுதான் அந்த சாரா? நான் யாரோ பெரிய இன்சீனியருன்னு நெனச்சிக்கினு கீறேன். இது காலேஜி பொண்ணு மாரி கீது."

"த, சும்மா இரு," என்றார் அவர்.

"இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? ஏம்மா, எட்டு எழுதின கை, ஒம்போதாவது எழுத வலிச்சிதா?"

"வலிக்கலைங்கக்கா. விட்டுட்டேன். என் தப்புதான்."

அவர் உரிப்பதை நிறுத்தினார். அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. "உக்காரு," என்று முறத்தை நகர்த்தி இடம் விட்டார்.

அவருடைய கணவர் நடந்ததைச் சொன்னார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. தான் எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்கும் அக்கறையோடு சொன்னார். "மெயினு ஆஃப் பண்ணேங்க. பீஸ் கட்டைய புடுங்கி கீழ வெச்சேன். டெஸ்டரு வெச்சி பாத்தேன், எரியல. அப்புறந்தான் ஸ்குரூவுல கைய வெச்சேன். வெச்சதுதான் தெரியும். கொட்டா வாசப்படிக்கு வெளிய கெடந்தேன்."

மனைவி எழுந்து போய் ஒரு காகிதம் கொண்டுவந்தார். காலண்டர் தாளின் பின்பக்கம். அதில் என் எட்டுப் படிகளும் பேனாவில், என் வாக்கியங்களாகவே இருந்தன. முதல் மூன்றுக்கும் பக்கத்தில் டிக் போட்டிருந்தார். நான்காவதற்கு இல்லை.

"கொட்டாயில ஒட்டி வெச்சிருந்தாரு. நான்தான் கிழிச்சிக்கினு வந்தேன். இன்னொருத்தன் பாத்து சாவக்கூடாதுல்ல."

"கொட்டாயில டவர் எடுக்காதுங்க, அதான் எழுதி ஒட்டினேன்," என்றார் அவர். பிறகு மெதுவாக, "போட்டோ புடிச்சி நாலஞ்சி பேருக்கு அனுப்பியும் கீறேன். நல்லா புரியிற மாரி எழுதியிருக்காருன்னு. அவங்களும் செவுத்துல எழுதி வெச்சிருப்பாங்க."

அதுவரை நான் ஒரு பதிவைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பதிவைத் திருத்தலாம், அழிக்கலாம். அது என் கையில் இருந்தது. கொட்டகைச் சுவர்களில் இருப்பது என் கையில் இல்லை. அவர் நாலைந்து பேருக்கு அனுப்பினார். அவர்கள் எத்தனை பேருக்கு அனுப்பினார்கள்? இவரைப் போல வேறு எத்தனை பேர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்?

விட்டுப்போன படியை அவருக்குச் சொன்னேன். பல்பு கோத்த வயரை எப்படிக் கட்டுவது, எங்கே வைப்பது, எரிந்து அணையும் வரை எப்படி நிற்பது. கவனமாகக் கேட்டார். அனுப்பியவர்களுக்கெல்லாம் இன்றைக்கே சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவருடைய கருத்தை வெளியிடலாமா என்று கேட்டதற்கு, "பேரு வேணாங்க. நெலத்துக்காரருகிட்ட வழுக்கி உழுந்துட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்," என்றார்.

விழுப்புரம் திரும்பியதும் பதிவின் மேலே ஒரு மஞ்சள் கட்டம் போட்டேன். 'மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் ஒரு படியை நான் எழுதாமல் விட்டிருந்தேன். அதனால் இதைப் பின்பற்றிய ஒருவர் அடிபட்டார். தவறு என்னுடையது. எங்காவது எழுதி ஒட்டியிருந்தால் உடனே திருத்துங்கள்.' வெட்டாத படத்தைப் போட்டேன். அவர் பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு, அவர் எழுதியதை என் பதிலோடு வெளியிட்டேன். பதிவின் முடிவில் முதல் முறையாக என் பெயரைப் போட்டேன். 'என் தவறு' என்று பெயரில்லாமல் சொல்வது பொருந்தவில்லை. மாலைக்குள் ஒருவர், 'பொம்பள எழுதினதா இது? அப்ப இப்பிடித்தான் இருக்கும்' என்று எழுதியிருந்தார். அதையும் அனுமதித்தேன்.

பயன்கள் பக்கத்தில் ஐந்தாவதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: 'வாயால் தவறாகச் சொன்னால், கேட்டவர் என்னைத் தேடி வந்து சொல்ல வழியில்லை. வலைப்பதிவில் தவறாக எழுதினால் கீழே ஒரு பெட்டி இருக்கிறது.' அது பயனா என்பது எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

புதன்கிழமை தேர்வில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு மூத்த பொறியாளர், மனிதவளப் பிரிவின் பெண் அதிகாரி ஒருவர். பொறியாளர் அந்தப் பதிவையே கணினியில் திறந்து வைத்திருந்தார்.

"இந்த மஞ்சள் கட்டம் நான் முதல்ல படிச்சப்ப இல்லியே."

"ஞாயித்துக்கெழம போட்டேன் சார்."

"இண்டர்வியூன்னு தெரிஞ்ச பிறகா?"

"ஆமா சார்."

"எங்க புத்தகத்துல இப்பிடி ஒண்ணு நடந்தா கம்பெனி மேல கேஸ் வரும். தெரியுமா?"

"தெரியும் சார். உங்க இப்போதைய கையேட்டுலயும் இந்தப் படி இல்லை. கடைக்கு வந்த உங்க பெட்டியில நேத்துதான் பார்த்தேன்."

அவர் அந்த அதிகாரியைப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினார். கண்டென்சர் பற்றிய பக்கத்தில் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளெல்லாம் சாதாரணமானவை.

அடுத்த திங்கட்கிழமை அந்த அதிகாரி போனில் அழைத்தார். "செலக்ட் ஆயிட்டீங்க. ஒரே ஒரு விஷயம். சேர்றதுக்கு முன்னாடி அந்தப் பதிவ எடுத்துடணும். கமெண்ட்டோட. எங்க ரைட்டர் எழுதினதால ஒருத்தர் அடிபட்டாருன்னு நெட்ல இருக்கக் கூடாதுன்னு மேல சொல்றாங்க."

"மேடம், அதப் பார்த்து நெறைய பேர் செவுத்துல எழுதி வெச்சிருக்காங்க. திருத்தத்தப் பார்க்கணும்னா அவங்க அங்கதான் வரணும்."

"செவுத்துலயா?" அவருக்குப் புரியவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க," என்றார்.

நான்கு நாளும் நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தேன். பதிவை எடுப்பதற்கான பக்கம் நீளமாக இருந்தது. வேலையில் சேர்ந்தால் அவர்கள் கையேட்டிலேயே அந்தப் படியை எழுதலாம் என்பதும் அதில் இருந்தது. அதுதான் என்னை அதிகம் தொல்லை செய்தது; அது உண்மையும்கூட. அம்மா வேறொன்று கேட்டாள்: "நீ அத எடுக்கலன்னா மட்டும் அந்தாளு கை சரியாயிடுமா?" இல்லை என்றேன். "பின்ன இன்னாத்துக்கு?" என்றாள். எடுக்காததற்கான பக்கத்தில் ஒரே ஒரு வரிதான்: யாராவது திரும்ப வந்து பார்த்தால்.

வெள்ளிக்கிழமை, பதிவை எடுக்க முடியாது, அவர்கள் கையேட்டில் அந்தப் படியை மட்டும் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அந்த வேலைக்கு ஆள் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கையேட்டைத் திருத்தினார்களா என்பது தெரியவில்லை. கடையில் முதலாளி, "சொன்னா கேக்கற ஆளா நீ," என்று மட்டும் சொன்னார்.

கிளியனூர்க்காரர் தான் அனுப்பியவர்களில் நான்கு பேருக்குச் சொல்லிவிட்டார். ஐந்தாமவர் போனை எடுக்கவில்லை. பிரம்மதேசத்தில் இருக்கும் சகலை அவர். அது தெரிந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே நான் நேரில் போனேன். ஆள் வயலில்தான் இருந்தார். தண்ணீரில் விழுந்து போன் கெட்டுப்போயிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

சுவரில் சாக்கட்டியால் எழுதியிருந்தார். எண்ணிப் பார்த்தேன். ஏழு படிகள்தான் இருந்தன.

"எட்டு இல்ல இருக்கணும்?"

"பீஸ் புடுங்கறத உட்டுட்டேங்க. மெயினு அமித்தியாச்சின்னா அப்புறம் பீஸ் எதுக்கு? ரெண்டும் ஒண்ணுதானேன்னு."

இரண்டும் ஏன் ஒன்றில்லை என்று விளக்கினேன். சாக்கட்டியை வாங்கி, விட்டதையும் விட்டுப்போனதையும் சேர்த்து, ஒன்பது படிகளையும் புதிதாக எழுதினேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இம்மாந்தானா? வேற எதுனா உட்டு போயிருக்கா?"

அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிப் பழகியவள் நான். இந்த முறை சொல்லவில்லை. "செவுத்தப் பாக்காதீங்க. வெளிய போயி, நீங்க எப்பவும் கண்டென்சர கழட்ட வருவீங்க இல்ல, அதே மாரி மொதல்லேருந்து வாங்க. ஸ்டார்ட்டர் பொட்டிய மட்டும் தொடாதீங்க. நான் பாக்கறேன்," என்றேன்.

சிரித்துக்கொண்டே வெளியே போனார். திரும்பி வந்தார். ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சாமி படம். வாசற்படியில் நின்று, ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, உள்ளே கால் வைத்தார். குழாய் கசிந்து சிமெண்டுத் தரை முழுக்க ஈரமாக இருந்தது.

"செருப்ப எப்பவும் கழட்டிட்டுத்தான் வருவீங்களா?"

"பின்ன? சாமி கீது இல்ல."

செருப்பைக் கழற்றாதீர்கள் என்று நான் எந்தப் பதிவிலும் எழுதியதில்லை. கீழே பார்த்தேன். ஈரத்தில் என் கால்களும் வெறுமையாகத்தான் இருந்தன. என் செருப்பு அவருடையதற்குப் பக்கத்தில், வாசலில் கிடந்தது.